கீழ ரெண்டாம் வீதி, மேல நாலாம் வீதி

புதுக்கோட்டை டவுனுக்குள் முகவரி தேடி அலைய வேண்டியதில்லை. "கீழ ரெண்டாம் வீதி", "மேல நாலாம் வீதி" என்று திசையும் எண்ணும் சொன்னால் போதும், கால் தானாக அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். நடுவில் பழைய அரண்மனை. அதை ஒட்டி நான்கு பக்கமும் ராஜ வீதிகள். கிழக்கே இருப்பது கீழ ராஜ வீதி. அதற்கும் கிழக்கே போனால் கீழ ரெண்டாம் வீதி, அப்புறம் மூணாம் வீதி. இப்படியே நாலு திசைக்கும். அரண்மனை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தால் ஊர் முழுக்கக் கைக்குள் வந்துவிடும்.

நான் வளர்ந்தது தெற்கு மூணாம் வீதியில். மேல்படிப்புக்குத் திருச்சி போய், மலைக்கோட்டையைச் சுற்றி நெளியும் சந்துகளில் நடந்தபோதுதான் எங்கள் ஊர் வீதிகள் எவ்வளவு நேர், எவ்வளவு அகலம் என்று உறைத்தது. ரெண்டு மாட்டுவண்டி எதிரெதிரே வந்தாலும் நடந்து போகிறவர் ஒதுங்க வேண்டாம். வீதியின் ஒரு முனையில் நின்றால் மறு முனை தெரியும். 2024-இல் புதுக்கோட்டை மாநகராட்சி ஆகிவிட்டது. பெயர்ப்பலகைகள் மாறின. ஆனால் அந்த எண்களை யாரும் மாற்றவில்லை. ஆட்டோக்காரர்கள் இன்றைக்கும் "மூணாம் வீதி, தெக்கா வடக்கா?" என்றுதான் கேட்கிறார்கள்.

இந்த நேர்த்தி தானாக வந்ததில்லை. புதுக்கோட்டை, தொண்டைமான்கள் ஆண்ட சமஸ்தானத்தின் தலைநகரம். சுற்றிலும் வெள்ளைக்காரனின் சென்னை மாகாணம், நடுவில் தனியாக ஒரு ராஜாவின் நாடு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய ஊரைக் கலைத்து நேர் வீதிகளாகப் போட ஆரம்பித்தார்கள். அதை ஒரு தலைநகரம் என்று சொல்லும்படி ஆக்கியவர் சேஷய்யா சாஸ்திரி. தஞ்சாவூர்ப் பக்கம் அமராவதியில் பிறந்தவர். திருவிதாங்கூரில் திவானாக இருந்துவிட்டு 1878-இல் இங்கே வந்தார். முதலில் திவான். 1886-இல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சிறுவன் என்பதால், 1894 வரை ராஜப் பிரதிநிதியாக ஆட்சியையே நடத்தினார். வீதிகளைச் சீர்செய்தார், குளங்களைத் தூர் வாரினார், அரசு அலுவலகங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு பெரிய கட்டடம் கட்டினார். சாந்தநாத சுவாமி கோயிலை ஒட்டிய பல்லவன் குளத்தின் படிக்கட்டில் உட்காரும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான். சிலையும் பெயர்ப்பலகையும் வேண்டாம். மழை பெய்தால் தண்ணீர் எந்த வாரி வழியாக எந்தக் குளத்துக்குப் போக வேண்டும் என்று யோசித்த ஒரு நிர்வாகி இந்த ஊருக்கு வாய்த்தாரே, அதுவே பெரிய விஷயம். அந்த வாரிகளை இன்று கட்டடங்கள் அடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களுக்கு அந்தக் கோபம் புரியும்.

சமஸ்தானம் என்றால் எங்கள் அப்பத்தாவுக்கு அம்மன் காசுதான். வெற்றிலைப் பெட்டியின் அடித்தட்டில், காய்ந்த கொட்டைப்பாக்குக்கு அடியில், ஒரு துணிமுடிச்சில் வைத்திருந்தார். அவருடைய அம்மா வாங்கி வைத்ததாம். கேட்டால் எடுத்துக் காட்டுவார். கையில் கொடுக்க மாட்டார். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக, தடிமனாக ஒரு செப்புக்காசு. ஒரு பக்கம் அம்மன் உட்கார்ந்திருப்பாள். திருக்கோகர்ணத்து பிரகதாம்பாள், தொண்டைமான்களின் குலதெய்வம். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்று இருக்கும். அந்த எழுத்தை நான் கோலத்தின் சுழி என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது அம்மன் காசு சேர்ந்தால் ஓர் அணா. அப்படியென்றால் ஒரு ரூபாய்க்கு 320. பிற்காலக் காசுகளை இங்கிலாந்தில் பர்மிங்காமில் அச்சடித்து வரவழைத்தார்கள். கோகர்ணத்து அம்மன் கடல் தாண்டிய ஊரில் பிறந்து கப்பலேறி வந்திருக்கிறாள் என்று நினைத்தால் இன்றும் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

நவராத்திரி நாட்களில் அரண்மனை சார்பில் மக்களுக்கு அரிசியோடு இந்தக் காசையும் கொடுப்பது வழக்கமாக இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. 1738-இல் திருவரங்குளம் காட்டில் மௌன விரதத்தில் இருந்த சதாசிவ பிரம்மேந்திரரை ராஜா போய்ப் பார்த்தாராம். அவர் பேசாமல் மணலில் மந்திரம் எழுதிக் காட்ட, ராஜா அந்த மணலையே மேல்துண்டில் அள்ளிக் கட்டிக்கொண்டு வந்து அரண்மனையில் வைத்துப் பூஜித்தாராம். நவராத்திரிக் கொண்டாட்டமும் தானமும் அதிலிருந்து பெருகியவை என்பார்கள். அப்பத்தா இந்தக் கதையைச் சொல்லும்போது மணலை அள்ளுகிற இடத்தில் தன் முந்தானையை விரித்துக் காட்டுவார். "பேசுனாத்தான் உபதேசமா?" என்று நிறுத்துவார்.

ராஜாவை அண்டி வாழ்ந்த ஊர் என்பதால் கலைக்கும் குறைவில்லை. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளை எங்கள் ஊர்க்காரர். பலா மரத்து வளையம், உடும்புத் தோல், ஓரத்தில் சலங்கைத் தகடு. ஒரு கையில் பிடித்து வாசிக்கும் கருவி. அதில் அவர் கட்டிய கணக்குகள் மிருதங்கத்துக்கும் போய், புதுக்கோட்டைப் பாணி என்று தனியாகவே ஒன்று உருவானது. அவருடைய சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா ரெண்டிலும் கொடி கட்டிப் பறந்தவர். சினிமா என்றால் பி.யு. சின்னப்பா. அந்த 'பி' புதுக்கோட்டைதான். 'உத்தம புத்திரன்', 'கண்ணகி' எல்லாம் ஓடிய காலத்தில் சம்பாதித்த பணத்தை ஊரில் வீடு வீடாக வாங்கிப் போட்டாராம். இனிமேல் அவர் வீடு வாங்கக் கூடாது என்று சமஸ்தானமே தடை போட்டதாம். இந்தக் கதையை ஊரில் சொல்லாத ஆள் இல்லை. 1951-இல் முப்பத்தைந்து வயதில் இதே ஊரில் இறந்துபோனார்.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் எங்கள் ஊர்க்காரர் யாரும் மூச்சுவிடாமல் சொல்லக்கூடியவை. நான் எழுத நினைத்தது இனிமேல்தான். இந்த அகலமான வீதிகளில் யாரால் போக முடிந்தது, யாரால் போக முடியவில்லை என்பது.

1904. சேஷய்யா சாஸ்திரி வளர்த்த அதே மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அப்போது ராஜா. முத்துலட்சுமி என்ற பதினெட்டு வயதுப் பெண் மன்னர் கல்லூரியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி விண்ணப்பிக்கிறாள். அப்பா நாராயணசாமி ஐயர் அதே கல்லூரியில் முதல்வராக இருந்தவர். அம்மா சந்திரம்மாள் இசை வேளாளர் குலம். பையன்கள் படிக்கும் கல்லூரியில் பெண்ணா என்று ஒரு எதிர்ப்பு. அதுவும் தேவதாசிக் குலத்துப் பெண்ணா என்று இன்னொரு எதிர்ப்பு. ரெண்டையும் ஒதுக்கிவிட்டு ராஜா அனுமதி கொடுத்தார், உதவித்தொகையும் கொடுத்தார். ஆனாலும் வகுப்பில் அவருக்கும் மாணவர்களுக்கும் நடுவே திரை. கல்லூரிக்குப் போவதும் மூடு வண்டியில். தன் ஊர் வீதியை வண்டித் திரையின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு போன பெண் அவர்.

அந்தப் பெண் 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் மருத்துவராகி வெளியே வந்தார். 1927-இல் சென்னை சட்ட மேலவைக்குப் போய்த் துணைத் தலைவரானார். தேவதாசி முறை ஒழிப்புக்குப் போராடினார். 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தமிழ்நாடே அறிந்த கதை. மன்னர் கல்லூரி வாசலைக் கடக்கும்போது எனக்கு அந்த வண்டித் திரைதான் கண்ணில் வரும்.

அடுத்தவர் வெளிநாட்டுப் பெண். அதே ராஜா 1915-இல் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது மாலி ஃபிங்க் என்ற பெண்ணை விரும்பி, மெல்போர்னில் கல்யாணம் செய்துகொண்டார். ராணியாக ஊருக்கு அழைத்தும் வந்தார். ஆங்கிலேய அரசு அவரை ராணியாக ஏற்கவில்லை. ஊரும் முழுமனதாக ஏற்கவில்லை. சில மாதங்கள்தான் இங்கே இருந்தார். கர்ப்பிணியாக இருந்தபோது யாரோ அரளி விஷம் வைத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டார். அத்தோடு ராஜாவும் ராணியும் புதுக்கோட்டையைவிட்டுப் புறப்பட்டார்கள். 1916-இல் பிறந்த மகனுக்கு மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று பெயர். அவனுக்குப் பட்டம் கிடையாது என்று ஆங்கிலேயர் சொல்லிவிட்டார்கள். ராஜா திரும்பி வந்து நிலைக்கவே இல்லை. சகோதரர் ராஜப் பிரதிநிதியாக ஆட்சியைப் பார்த்தார். 1928-இல் பாரிஸில் ராஜா காலமானார்.

அப்பத்தாவின் தலைமுறை இதை "வெள்ளைக்கார ராணி கதை" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லும். சொல்கிறவர்கள் எல்லாரும் ராஜாவுக்காகத்தான் இரக்கப்படுவார்கள். "பொண்டாட்டிக்காகப் பட்டத்தையே விட்டாரு" என்று. அப்பத்தா மட்டும் வேறு மாதிரி. "அந்தப் புள்ள யாரு பெத்த புள்ளயோ, மாசமா இருந்தவளுக்குப் போயி அரளிய அரைச்சாய்ங்களே" என்பார். மாலியைப் பற்றி நான் படித்ததிலெல்லாம் அவருடைய அழகு, நகை, பாரிஸ் வாழ்க்கை பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள். அப்பத்தா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தின் பக்கம்தான் நான் நிற்பேன்.

1948 மார்ச் 3-ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. கடைசி ராஜா ராஜகோபாலத் தொண்டைமான். ஆறு வயதில் பட்டத்துக்கு வந்தவர். தலைநகரமாக இருந்த ஊர் திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியாகச் சுருங்கியது. 1974 ஜனவரி 14, பொங்கல் நாளில் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. ராஜாவின் புது அரண்மனை கலெக்டர் ஆபீஸ் ஆனது. மனுவைக் கையில் வைத்துக்கொண்டு கிராமத்து ஜனங்கள் அந்தத் தூண்களுக்குக் கீழே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிறைவு வரும்.

அந்த அரண்மனைக்குக் கலெக்டராக வந்தவர்தான் ஷீலா ராணி சுங்கத். அவர் இருந்தபோது, 1991-இல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. படிக்காதவர்களுக்கு எழுத்தறிவு கொடுப்பதுதான் திட்டம். ஊர் ஊராகத் தொண்டர்கள் இரவில் விளக்கு வைத்துப் பாடம் நடத்தினார்கள். சொல்லிக்கொடுக்கிறவர்களும் சம்பளம் இல்லாமல்தான் வந்தார்கள்; பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் அடுத்த ஊருக்குப் பாடம் எடுக்கப் போகவேண்டுமென்றால் எப்படிப் போவது? பஸ் எப்போதோ ஒன்று. அப்பாவோ அண்ணனோ கொண்டுபோய் விட வேண்டும். அங்கேதான் சைக்கிள் வந்தது. எழுத்தோடு சேர்த்துச் சைக்கிள் ஓட்டவும் சொல்லிக்கொடுப்பது என்று அறிவொளி முடிவெடுத்தது. பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் கிடைக்கவும் ஏற்பாடு ஆனது.

என் அத்தை அப்போது அன்னவாசல் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தார். எட்டாவது வரை படித்தவர் என்பதால் அறிவொளித் தொண்டர். அவர் சைக்கிள் பழகியது வற்றிய கண்மாய்க்குள். சாயங்காலம் வேலை முடிந்து, மாட்டைக் கட்டிவிட்டு, பொம்பளைகள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து போவார்களாம். வாடகை சைக்கிள், மணிக்கணக்கு. காசு எல்லாருடையதும். ஒருத்தி ஏறினால் ரெண்டு பேர் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓட வேண்டும். புடவையை இழுத்துச் சொருகி, கொசுவத்தைக் காலுக்கு நடுவே வாங்கிக் கட்டிக்கொண்டு, ஹேண்டில் பாரைக் கழுத்தைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு. முதல் நாள் முட்டியில் சிராய்ப்பு. வீட்டில் கேட்டால் வாய்க்கா வரப்பில் வழுக்கிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தாராம்.

"யாரும் ஒண்ணும் சொல்லலையா அத்தை?"

"சொல்லாம இருப்பாய்ங்களா? டீக்கடைல இருந்துக்கிட்டு 'ஏய், ஆட்டக்காரி போறா பாரு'ன்னாய்ங்க. ஒருநா ரெண்டுநா. அப்புறம் அதே ஆளு வந்து, 'தங்கச்சி, எம்பொண்டாட்டிக்கும் கத்துக்குடு'ன்னு நின்னாரு."

அத்தை வாங்கியது ஆண்கள் ஓட்டும் சைக்கிள், முன்னால் பார் வைத்தது. லேடீஸ் சைக்கிள் ஏன் வாங்கவில்லை என்று கேட்டதற்கு அவர் என்னைப் பார்த்த பார்வை மறக்காது. "லேடீஸ் வண்டி எங்கடா கெடைச்சுது? அத்தன பேரும் வாங்குனா கடைக்காரன் எங்க போவான்? அதும்போக, பார்ல புள்ளய உக்கார வைக்கணும், கேரியர்ல கொடம், ஹேண்டில்ல பை. லேடீஸ் வண்டில எங்கருந்து அதெல்லாம்?" மாவட்டம் பூராவும் இதே கதைதான் நடந்திருக்கிறது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் அந்தச் சமயம் இங்கே வந்து சுற்றி எழுதிய கட்டுரையைப் பிற்பாடு படித்தபோது, அத்தை சொன்ன அதே காரணத்தை வேறு பெண்களும் அவரிடம் சொல்லியிருந்ததைப் பார்த்தேன். கொஞ்ச காலத்துக்குள் மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகிவிட்டார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். அந்தக் கட்டுரை இந்தியில் மொழிபெயர்க்கப்பட்டு, வடக்கே எட்டாம் வகுப்பு இந்திப் பாடப்புத்தகத்தில் பல ஆண்டுகள் பாடமாக இருந்தது. பீகாரிலும் ராஜஸ்தானிலும் பிள்ளைகள் புதுக்கோட்டைப் பெண்களைப் பற்றிப் பரீட்சை எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பள்ளியில் படித்த எனக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை.

அத்தையும் அவர் கூட்டாளிகளும் ஒருமுறை அறிவொளி ஊர்வலத்துக்காக டவுனுக்கே சைக்கிளில் வந்தார்கள். கீழ ராஜ வீதி நெடுக வரிசையாக. நான் சின்னப் பையன். அப்பாவின் தோளில் இருந்து பார்த்தேன். மணிச் சத்தம்தான் முதலில் வந்தது. அப்புறம் ஒரே புடவை நிறங்கள். நடுவில் அத்தை, கண்ணாடி வளையலும் ரப்பர் செருப்புமாக. கூப்பிட்டேன், திரும்பவில்லை. கையை விட்டால் விழுந்துவிடுவோம் என்ற பயமாம், பிற்பாடு சொன்னார். அப்பத்தா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ராசா ஊர்கோலத்துக்குக்கூட இத்தன சனம் நின்னதில்ல" என்றார். அவர் ராஜாவின் ஊர்வலத்தைப் பார்த்தவர். அந்தக் கணக்கு அவருக்குத் தெரியும்.

ஊர் வரலாறு என்று எங்கள் பக்கம் கூட்டம் போட்டால் சித்தன்னவாசல் ஓவியம், நார்த்தாமலை, குடுமியான்மலை இசைக் கல்வெட்டு, தொண்டைமான் பரம்பரை என்று வரிசை கட்டிப் பேசுவார்கள். பேச வேண்டியதுதான், எல்லாம் பெருமைதான். 1910-இல் தொடங்கிய திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்துக்கு வெளியூர் நண்பர் யார் வந்தாலும் நான் முதலில் கூட்டிப்போவேன். ஆனால் சைக்கிள் கதை அந்தப் பேச்சில் கடைசியில் வந்தால் உண்டு. சாந்தநாதர் கோயில் கல்வெட்டுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியாவது, ஊரில் இன்னும் உயிரோடு இருக்கும் இந்தப் பெண்களின் நினைவுக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். கல்வெட்டு இன்னும் ஆயிரம் வருஷம் நிற்கும். அத்தைக்கு இப்போது அறுபத்தெட்டு. அவரோடு கண்மாய்க்குள் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடியவர்களில் ரெண்டு பேர் இப்போது இல்லை.

நல்ல வேளையாகக் காகிதத்தைக் காப்பாற்றத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இருந்திருக்கிறார்கள். பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதி அம்மாவும் சொந்த உழைப்பில் கட்டிய ஞானாலயா நூலகம் இங்கேதான் இருக்கிறது. லட்சத்துக்கும் மேல் புத்தகங்கள். பல நூல்களின் முதல் பதிப்புகள். ஆராய்ச்சிக்காரர்கள் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அரசாங்கம் செய்ய வேண்டியதை ரெண்டு ஆசிரியர்கள் சம்பளப் பணத்தில் செய்த ஊர் இது. அந்த ஊரில் அறிவொளிக் காலத்து நோட்டுப் புத்தகங்களும் புகைப்படங்களும் பழைய பேப்பர்க் கடைக்கு எடைக்குப் போவதைத் தடுக்க நம்மால் முடியாதா?

நான் ஆரம்பித்துவிட்டேன். அத்தையிடம் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. உள்ளே அறிவொளிப் பாடப் புத்தகம், தொண்டர் அடையாள அட்டை, ஊர்வலத்தில் எடுத்த ஒரு மங்கிய படம், சைக்கிள் கடன் கட்டிய ரசீதுகள், ரப்பர் பேண்டு போட்டு. மாசாமாசம் கட்டியிருக்கிறார், ஒரு தவணையும் தவறவில்லை. கடைசி ரசீதின் பின்பக்கம் பென்சிலால் தன் பெயரை எழுதி, பக்கத்தில் "வண்டி என் சொந்தம்" என்று எழுதியிருக்கிறார். எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. பொங்கல் கழிந்து அவருடைய கூட்டாளிகளைப் பார்க்க அன்னவாசல், இலுப்பூர்ப் பக்கம் போகிறோம். டவுனுக்குள்ளேயும் தெற்கு நாலாம் வீதியில் ஒரு பழைய தொண்டர் இருக்கிறாராம், பேத்தி வீட்டில். அத்தை வழி கேட்கவே இல்லை. "நாலாம் வீதிதானே, தெக்க போயித் திரும்புனா வந்துருது" என்றார்.